முப்பத்துநான்காம் சதுரத்துக்கு வழி

1. செவ்வாய்க்கிழமை பாரிசில் இறங்கினேன். தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போக வேண்டியவள் போர்ட் து லா சப்பலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.
2. பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கும்படி என் கணவரின் அம்மாவான மாமியைக் கேட்டேன். மாட்டேன் என்றார். தையல் வேலை இருக்கிறது என்றார்.
3. புதன்கிழமை, காரணம் தையல் அல்ல என்று தெரிந்தது. கனடாவில் உள்ள எங்கள் வீடு ஓர் ஏரிக்கு நடுவில் இருப்பதாக மாமா கண்டுபிடித்திருந்தார்.
4. வியாழக்கிழமை அந்த வீட்டை ஏரியிலிருந்து வெளியே எடுத்தேன்.
5. அதே வியாழக்கிழமை, நான் விட்டிருந்த பிழையை மாமி கண்டுபிடித்தார்.

நான் நில அளவைத் தொழில்நுட்பம் படித்தவள். சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஓர் அளவை அலுவலகத்தில் வேலை. என் கணவர் அருள் அங்கே விவசாய இயந்திரங்கள் திருத்துகிறார். வயல்களுக்கு நடுவே ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அப்போது எனக்கு ஐந்து மாதக் கர்ப்பம். எனக்கு அம்மா இல்லை. அப்பா மொன்றியலில் அண்ணாவோடு இருக்கிறார். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க ஒரு பெண் வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு வந்த முகம் அருளின் அம்மாவுடையதுதான். தொலைபேசியில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் பேச்சை மாற்றினார். அதனால் அவர்கள் இருக்கும் பாரிசுக்கே போய் நேரில் கேட்கலாம் என்று வந்தேன்.

போர்ட் து லா சப்பல் பாரிசின் வடக்கு விளிம்பு. அதற்கு அப்பால் நெடுஞ்சாலை. கைபேசியில் பாதிப் பெயரைத்தான் எழுதினேன். மீதியை அதுவே நிரப்பிக்கொண்டது. பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து, பேருந்துத் தரிப்பில் இருந்த ஒருவர் தன் தொலைபேசி உரையாடலை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டார்:

"தங்கச்சி, லா சப்பலுக்கோ?"

"ஓம் அண்ணை."

"ஒவ்வொரு கிழமையும் ஒராள் இஞ்சை வந்து நிக்கிறது. இந்த றோட்டிலையே நேரா கீழ போங்கோ. தோசை மணக்கேக்கை நில்லுங்கோ."

மாமா, அருளின் அப்பா, நடந்தே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அறுபத்தைந்து வயது. முப்பது வருடங்கள் பிரெஞ்சு உணவகங்களின் சமையலறைகளில் நின்றவர். பெட்டியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு, "அளவையாளர் வழி தவறினா எண்டு பேப்பரிலை போடவேணும்" என்றார். வீடு மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், நான்காம் மாடி. மின்தூக்கி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் மாமா நின்று, தான் களைத்துவிட்டதாக நடித்தார். நான் மூச்சு வாங்குவதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

மாமி வாசலில் நின்று முதலில் என் கால்களைப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்தினார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டனீரோ?"

நீட்டுப் பாண், மீன் சொதி, இடிச்ச சம்பல். பாண், நீளமான பிரெஞ்சு ரொட்டி, அன்று காலை கீழ்க்கடையில் வாங்கியது. மேல்தோல் உடையும் சத்தம் கேட்கும். சஸ்கச்சுவானில் பாண் பொதியிலேயே வளைந்துவிடும். சொதியில் தோய்த்து அரைப் பாண் சாப்பிட்டேன். அதன் பிறகு கேட்டேன்.

"மாமி, ஒக்டோபரிலை நீங்கள் வந்து நிக்கவேணும்."

"கலியாண சீசன் பிள்ளை. முப்பது பிளவுஸ் கிடக்கு." எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

மறுநாள் மாமி வேலைக்குப் போய்விட்டார். பால் எடுக்கக் குளிர்சாதனப்பெட்டியைத் திறக்கப்போனபோதுதான், கதவில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைக் கவனித்தேன். முப்பத்தாறு சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். முப்பத்துநான்கின் மேல் சிவப்பு மையில் சிலுவை. அதற்குப் பக்கத்தில், வானத்திலிருந்து எடுத்த ஒரு செய்மதிப் படம். அதே இடத்தில் சிவப்புச் சிலுவை. சிலுவைக்குக் கீழே நீலம். நல்ல அகலமான நீலம்.

மாமா அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். நிறைய வெண்ணெய், நிறையப் பச்சைமிளகாய்.

"இது என்ன மாமா?"

"உங்கடை வீடு."

"தண்ணிக்குள்ளையோ?"

"அதைத்தான் நாங்களும் யோசிக்கிறம்."

அருள் தன் விலாசத்தை அனுப்பியபோது அதில் வீதிப் பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. சில எண்களும் திசைகளும்தான். எங்கள் மாகாணத்தில் வயல் வீட்டு விலாசம் அப்படித்தான். மாமா விடவில்லை. இணையத்தில் தேடி, எங்கள் டவுன்ஷிப் என்னும் பெரிய நிலச்சதுரத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் சதுரங்களின் வரைபடம் ஒன்றையும் அச்சடித்து, மூன்று நாள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். நான் பார்த்த புதிய உதவியாளர்கள் பலர் இவ்வளவு கவனமாக எண்ணியதில்லை.

ஒரே ஒரு பிழை. அவர் அச்சடித்தது அமெரிக்க வரைபடம்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா முட்டையைத் திருப்பிப் போட்டபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஏரி எண்டபடியால் மட்டும் இல்லை பிள்ளை. றோட்டுப் பேர் இல்லாத வீடு எண்டதுதான் அவவுக்குப் பயம். அருளுக்கு முன்னம் ஊரிலை எங்களுக்கு ஒரு பெட்டைப்பிள்ளை. மாமிக்குப் பிள்ளைப்பேற்று வருத்தம் கண்ட நேரம் ஆசுப்பத்திரி வாகனம் வந்தது. வந்து வேறை ஒழுங்கைக்குள்ளை போயிட்டுது. எங்களைக் கண்டுபிடிக்க ஒண்டரை மணித்தியாலம். பிள்ளை தங்கேல்லை." முட்டையைத் தட்டில் போட்டார். "நான் சொன்னதெண்டு சொல்லாதையும். ஆறமுந்திச் சாப்பிடும்."

சாப்பிட்டேன். அருள் இதை எனக்குச் சொன்னதில்லை. அவருக்கே எவ்வளவு தெரியுமோ தெரியாது.

வியாழக்கிழமை காலை, மாமியோடு வேலைக்குப் போனேன். பாலத்தின் மேல் இரண்டாம் இலக்க மெட்ரோ ஓடுகிறது. அதன் கீழே நடந்து மறுபக்கம் போனால் ரூ காய் என்னும் தெரு. பாலத்தின் ஒரு பக்கம் பதினெட்டாம் வட்டாரம், மறு பக்கம் பத்தாம் வட்டாரம். மாமி பதினெட்டில் தூங்கிப் பத்தில் தைக்கிறார். பாரிசின் வட்டாரங்கள் நடுவில் ஒன்றில் தொடங்கி, நத்தை ஓடுபோல் சுற்றிச் சுற்றி வெளியே வருகின்றன என்று மாமா சொல்லியிருந்தார். அதனால்தான் பத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு. எங்கள் சதுரங்கள் நத்தையைப்போல் அல்ல, ஏர்போல் போகும். ஒரு சால் இந்தப் பக்கம், திரும்பி அடுத்த சால் அந்தப் பக்கம்.

மாமியின் இடம் ஒரு சேலைக் கடையின் பின்பகுதி. ஒரு தையல் இயந்திரம், ஒரு வெட்டுமேசை, கூரை வரை துணிப் பைகள். ஒரு தாயும் மகளும் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். மகள் இங்கேயே பிறந்தவள். தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள்.

பதினொரு மணிபோல் கூட்டம் குறைந்தது. "மாமி, ஒரு பிரவுண் தாள் தாருங்கோ. சோக்கும் வேணும்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"வீட்டைத் தண்ணியிலிருந்து எடுக்க."

அவர் கணவரைத் திட்டும் முகத்தோடு ஒரு முழுத் தாளைக் கிழித்து மேசையில் விரித்தார்.

அங்குல நாடாவால் அளந்து, ஆறுக்கு ஆறு சதுரம் கீறினேன். ஓர் அங்குலம் ஒரு மைல். இந்த முழுச் சதுரம் ஒரு டவுன்ஷிப்: ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம். ஊர் என்று நினைக்க வேண்டாம், ஒரு வீடுகூட இல்லாமலும் இருக்கலாம். குடியேறிகள் வரும் முன்பே மேற்குச் சமவெளி முழுவதையும் இப்படிக் கோடு போட்டார்கள். அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் டவுன்ஷிப் எண் வரும். ஒரு நெடுங்கோட்டிலிருந்து மேற்கே எண்ணினால் வரிசை எண் வரும். உள்ளே முப்பத்தாறு சதுர மைல்கள். ஒவ்வொன்றும் நாலு கால்களாகப் பிரியும்: வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு. எங்கள் வீடு முப்பத்துநான்காம் சதுரத்தின் வடகிழக்குக் காலில்.

"அமெரிக்காவிலை மேல் வலது மூலையிலை ஒண்டு எண்டு தொடங்குவினம். கனடாவிலை கீழ் வலது மூலையிலை. மாமா அமெரிக்க மாதிரி எண்ணிப்போட்டார். அவருக்கு முப்பத்துநாலு அடி வரிசையிலை வருது. உண்மையிலை அது மேல் வரிசை." இரண்டு இடத்திலும் சோக்கால் புள்ளி வைத்தேன். "ஐஞ்சு மைல் வித்தியாசம். ஏரி இஞ்சை. நாங்கள் அங்கை, மேட்டிலை."

இரண்டு நாடுகளும் ஏன் வெவ்வேறு மூலையில் தொடங்கின என்று மாமி கேட்டார். தெரியாது என்றேன். படித்த இடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

அளவு கொடுக்க வந்திருந்த மகள் எட்டிப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். தாய் சிரித்தபடி எனக்கு மொழிபெயர்த்தாள்: "சதுரத்துக்குள்ளை இருந்தால் விசர் பிடிக்காதோ எண்டு கேக்கிறாள்."

"இருபது சதுரமீற்றருக்குள்ளை அஞ்சு பேர் இருக்கிறியள், உங்களுக்கு விசர் பிடிக்கேல்லையே" என்றார் மாமி, வாயில் குண்டூசியோடு.

எனக்கு நம்பிக்கை வந்தது. அடுத்ததாக என் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். எங்கள் மகப்பேற்று நிலையம் தந்த படிவம். வீட்டுக்கு வரும் வழியை எழுதித் தரச் சொன்னார்கள். மேலே நில எண்கள். கீழே நான் அழகாக எழுதியிருந்தேன்: நகரத்திலிருந்து இன்ன கோட்டு வீதியில் நேரே தெற்கே பதினான்கு கிலோமீற்றர், பிறகு வலப்பக்கம் முதல் வீடு. "அம்புலன்ஸ்காரருக்கு இந்த எண் காணும் மாமி. றோட்டுப் பேரை விட இது திறம்."

மாமி படிவத்தைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் அதை நீவினார்.

"எல்லாச் சதுரமும் ஒரே அளவோ?"

"ஏறக்குறைய."

"பூமி உருண்டை எண்டெல்லோ படிச்சனாங்கள்."

"ஓம்."

மேசைக்கு அடியிலிருந்து தையல் பொம்மையை இழுத்தார். தலையும் கையும் இல்லாத, துணி சுற்றிய உடம்பு. அதன் நெஞ்சில் என் பிரவுண் தாளைப் போர்த்தினார். நடுவில் படிந்தது, மேலே மடிப்பு விழுந்தது.

"உருண்டையிலை சதுரத்தைப் போட்டால் எங்கையோ மிஞ்சும். நாங்கள் எண்டால் அதை மடிச்சுத் தைச்சு டாட் பிடிப்பம். உங்கடை ஆக்கள் மிச்சத்தை எங்கை பிடிச்சவை?"

இந்தக் கேள்வியைக் கேட்க நாங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் வரை காத்திருந்தோம். வடக்கே போகப்போக நெடுங்கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும், சதுரங்கள் ஒடுங்கும். அதனால் இருபத்துநான்கு மைலுக்கு ஒரு தடவை ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கே சேர்ந்த பிழையை அந்த ஒரே கோட்டில் கழித்துவிடுவார்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் சதுரங்களும் கீழே இருக்கும் சதுரங்களும் ஒன்றுக்கொன்று நேரே நிற்காது. மாமியிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப அந்தக் கோட்டிலை றோட்டும் நேரா வராது."

"வராது. விலகும். எங்கடை பக்கம் அரைக் கிலோமீற்றர் வரும்."

"வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"கீழை. கோட்டுக்குக் கிட்டத்தான்."

"ஆசுப்பத்திரி?"

"மேலை."

சொல்லிவிட்டு நிறுத்தினேன். மாமி இப்போது என் கைபேசியை எடுத்து, படிவத்தைப் பெரிதாக்கினார். மாமிக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் நான் கீறியிருந்த அம்புக்குறி புரிந்தது. மேலிருந்து கீழே ஒரே நேர்கோடு.

"இஞ்சை நேரா எண்டு கீறிக் கிடக்கு."

நான் அந்த வீதியில் தினமும் வண்டி ஓட்டுகிறேன். திருத்தக் கோட்டில் வீதி முட்டி நிற்கும்; இடப்பக்கம் திரும்பி அரைக் கிலோமீற்றர் போய், மறுபடி வலப்பக்கம் திரும்பினால் அதே எண்ணுடைய வீதி தொடரும். அளவைக் கணக்கில் இரண்டும் ஒரே கோடு. பலகையிலும் ஒரே எண். அது ஒரு திருப்பம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாராவது வழி எழுதியிருந்தால் திருப்பம் என்றுதான் எழுதியிருப்பார்கள். இப்படி ஒரு பிழை விடுவதற்கு அளவை படித்திருக்க வேண்டும்.

"ஜி.பி.எஸ். இருக்கு மாமி" என்றேன். குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை.

"உம்மடை ஜி.பி.எஸ். செவ்வாய்க்கிழமை உம்மை எங்கை இறக்கினது?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தார். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. மாமா சொல்லவேண்டாம் என்றிருந்தார். அதனால் அவர் பக்கத்தில் ஒரு துணிப்பையின் மேல் உட்கார்ந்தேன். "பிழை என்னிலைதான் மாமி. நல்லகாலம், நீங்கள் கண்டியள்" என்றேன். அவர் என் முழங்காலில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு, அங்கே காலை எட்டு மணியானதும், அருளை அழைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஓ, அதுதான்" என்றார் அருள். "வோஷிங் மெஷின் கொண்டுவந்தவன் ரெண்டு மணித்தியாலம் சுத்தினவன். நீர் எழுதின வழியைத்தான் அவனுக்கும் அனுப்பினன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் சேர்வேயர். அவன்தான் மொக்கன் எண்டு நினைச்சன்."

"மொக்கன் நீதான்" என்றார் மாமி. "முட்டுச் சந்தியிலை ஒரு போர்ட் போடு. போட்டுப் படம் அனுப்பு."

"போட்டால் வருவியளோ அம்மா?"

"முதல்லை போடு."

மாலையில் மாமி எனக்கு மிதிவெடி வாங்கித் தந்தார். பெயர் பயங்கரமானது, உள்ளே அவித்த முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த சிற்றுண்டி. எங்கள் மாகாணம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. நடைபாதையில் நின்று இரண்டு சாப்பிட்டேன். என்னுடைய மூன்றாவதை மாமி பறித்து, "நெஞ்செரியும்" என்று தானே சாப்பிட்டார். அன்றிரவே மாமா தன் வரைபடத்தைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்து எடுத்தார். "அமெரிக்காக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான்" என்றார்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. வேலி மரத்தில் வெள்ளைப் பலகை, இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி, எங்கள் நில எண்கள். மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எழுத்துச் சின்னன்" என்றார். "ஓடுற வாகனத்திலை இருக்கிறவனுக்கு இது தெரியாது. ஒரு சாண் உயரம் வேணும்." அருள் மறுபடி எழுதினார். இரண்டாவது படத்தில் எழுத்து ஒரு சாண் இருந்தது; ஆனால் பலகையின் கால் பகுதியை வயலில் வளர்ந்த கனோலாச் செடி மறைத்தது. மாமி அதையும் சொன்னார். மூன்றாவது படம் வந்தபோது நாங்கள் இரவுச் சாப்பாட்டில் இருந்தோம். மாமி அதைப் பார்த்துத் தலையாட்டி, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி புட்டு வைத்தார்.

அவர் வருவாரா என்று நான் மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பயணம்.

சனிக்கிழமை மாமியோடு பலசரக்குக் கடைக்குப் போனேன். நான் கொண்டுபோகத்தான் வாங்குகிறோம் என்று நினைத்து மிளகாய்த்தூள் பக்கம் போனேன். மாமி அந்தப் பக்கம் வரவில்லை. கடைக்காரரிடம் மல்லி கேட்டார். மிளகு கேட்டார். நற்சீரகம், வேர்க்கொம்பு என்னும் சுக்கு, மஞ்சள், திப்பிலி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மணந்து பார்த்து, இரண்டு முறை மாற்றச் சொன்னார்.

"சரக்குக் கறிக்கோ அக்கா?" என்றார் கடைக்காரர். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அரைத்து வைக்கும் கறி அது. "ஆருக்குப் பிள்ளை?"

"மருமகளுக்கு."

"எந்த ஆசுப்பத்திரி? லாறிபோசியேரோ?"

"இல்லை, கனடாவிலை." மாமி பைகளை எண்ணினார். "முப்பத்துநாலாம் சதுரம். அமெரிக்கா மாதிரி எண்ணக் கூடாது, கீழையிருந்து எண்ணவேணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மிளகாய்த்தூள் பொதியின் காலாவதித் திகதியைக் கவனமாகப் படித்தேன். கண்ணீர் மறைத்ததால் அது தெரியவில்லை.

இதை எழுதும்போது நான் ஏழாம் மாதத்தில் இருக்கிறேன். மகப்பேற்று நிலையத்தின் படிவத்தில் இரண்டு திருப்பங்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை வைத்து, வழி தெரியாத ஒருவரை நகரத்திலிருந்து வண்டி ஓட்டி வரச் சொல்லிப் பார்த்தோம். பதினாறு நிமிடம் எடுத்தது. செப்டெம்பரிலிருந்து பிளவுஸ் எடுப்பதில்லை என்று மாமி கடையில் சொல்லிவிட்டார். செப்டெம்பர் நடுவில் வருகிறார். மாமா டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவார். மாமி எப்போது திரும்பிப் போவார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.